மலையேறினால்தான் மோட்சமா?

மூன்று இதழ்களுக்கு முன் இதே பக்கங்களில் வானியல் அன்பர் ஒருவர், நகரத்து மொட்டைமாடியில் நின்று நெபுலாவைப் படம்பிடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆறு பக்கத்தில் கருமாதி நடத்தி எள்ளும் தண்ணீரும் இறைத்திருந்தார். பதில் எழுதுவதாக இல்லை. வாதம் என்று ஒன்று இருந்தால்தானே எதிர்வாதம் தேவைப்படும்? ஆனால் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன், மாமா கொடுத்த பழைய கேமராவை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக ஓரியனைத் துழாவிக்கொண்டிருந்தவன், அதைப் படித்துவிட்டு, "அங்கிள், இதெல்லாம் நம்ம மெட்ராஸ்ல வேலைக்கு ஆகாதாம்" என்று ட்ரைபாடைப் பரண்மேல் போட்டுவிட்டான். அந்த ட்ரைபாடைக் கீழே இறக்கத்தான் இதை எழுதுகிறேன். அன்பரைத் திருத்துவது நோக்கமல்ல. அதற்கு என் மிச்ச ஆயுள் போதாது.

அவர் கட்சியைத் திரிக்காமல் சொல்கிறேன். ஒளி மாசு மிகுந்த வானத்தில் நெபுலா பதிவாகவே ஆகாது. பதிவாவதும் கணினி தீட்டிய பொய் வண்ணம். அந்தப் பொய்யை எடுக்கவும் ஐந்து லட்ச ரூபாய்க் கருவி வேண்டும். எல்லாம் இருந்தாலும், ஹப்பிள் எடுத்து முடித்ததை நீ எதற்கு எடுக்கிறாய்? பதிவே ஆகாத ஒன்றுக்குக் கணினி எப்படி வண்ணம் தீட்டியது என்றோ, முடியவே முடியாத காரியத்துக்கு ஐந்து லட்சம் என்று விலை போட்டது யார் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகை பிரித்துச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எடுத்துக்காட்டு தேட வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை அவர் கையில் கிடைத்திருந்தால் வேலை ஒரு நாழிகையில் முடிந்திருக்கும்.

முதல் வாதத்துக்கு அவர் காட்டும் சான்று, அவருடைய கண். 'எங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன், எந்த நெபுலாவும் தெரியவில்லை' என்கிறார். கண் ஒரு காட்சியைச் சேர்த்துவைக்கும் நேரம் ஒரு நொடியில் சிறு பங்கு. கேமரா ராத்திரி முழுக்கச் சேர்த்துவைக்கும். கண்ணுக்குத் தெரியாதது படத்தில் விழாது என்பவர் எக்ஸ்ரே எடுக்கப் போனால் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம், ஏனென்றால் அன்பர் ஆறு பக்கத்திலும் ஒரு கணக்கும் போடவில்லை. நகர விளக்கு நெபுலாவின் ஒளியை அழிப்பதில்லை. அதன்மேல் தன் ஒளியைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டியது இவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிடலாம். கழிக்க முடியாதது அந்த ஒளியின் தத்தளிப்பு. ஃபோட்டான்கள் வரிசையில் நின்று சீராக வருவதில்லை, மழைத்துளி மாதிரி தாறுமாறாக விழுகின்றன. அந்தத் தாறுமாறுக்குப் பெயர்தான் இரைச்சல். படங்களை அடுக்க அடுக்க அது வர்க்கமூலக் கணக்கில் அடங்கும்: 16 படம் அடுக்கினால் நாலில் ஒரு பங்கு, 900 அடுக்கினால் முப்பதில் ஒரு பங்கு. ஒளி மாசு என்பது சாபமல்ல, கடன். மலைமேல் இருப்பவன் வட்டி குறைவாகக் கட்டுகிறான், நாங்கள் அதிகம் கட்டுகிறோம்.

எவ்வளவு அதிகம்? இதற்கான அளவுகோலைத் தந்தவர் அன்பரின் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். ஐந்து ஒளித்தரத்துக்கு நூறு மடங்கு, ஒரு ஒளித்தரத்துக்கு 2.512 மடங்கு என்ற விகிதத்தை 1856இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் கண்மூடும்வரை வேலை பார்த்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில். அவர் கோலை எடுத்து அளப்போம். பெருநகர நடுவில் ஒரு சதுர ஆர்க்செகண்ட் வானம் ஏறக்குறைய 18ஆம் ஒளித்தரத்தில் இருக்கும். நல்ல மலைவானில் 21.5 (எண் ஏற ஏற வானம் இருட்டு). வித்தியாசம் 3.5, அதாவது 25 மடங்கு வெளிச்சம். அப்படியானால் மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் துலக்கத்துக்கு இங்கே 25 மணி நேரம் வேண்டும். இது பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் 25 என்பதற்கும் 'முடியாது' என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர் கையில் பேனாவைக் கொடுத்தது யார்?

அதிலும் ஒரு வழி இருக்கிறது. ஓரியன் போன்ற உமிழ்வு நெபுலா எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பிலும், ஆக்ஸிஜனின் 500.7ஐ ஒட்டிய பச்சைநீலத்திலும்தான் பெரும்பாலும் கொட்டுகிறது. கண் காணும் வீச்சு 400 முதல் 700 வரை, 300 நானோமீட்டர். அதில் இந்த இரண்டு இடத்தில் மட்டும் தலா 7 நானோமீட்டர் அகலத்துக்கு ஜன்னல் திறந்துவைக்கும் வடிகட்டி கிடைக்கிறது. 300இல் 14 திறந்தால், தெருவிளக்கின் ஒளியில் இருபதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் ஒளியோ பெரிதாகக் குறையாமல் வந்துவிடும். அன்பரும் வடிகட்டியைத் தொடுகிறார்: 'சோடியம் விளக்கை வெட்டும் வடிகட்டி இப்போது எல்இடிக்கு உதவாது' என்று. உண்மை. சோடியம் 589ஐச் சுற்றிய ஒரே கொத்தில் எரிந்தது, எல்இடி வெள்ளை நீளநெடுகப் பரந்து எரிகிறது. அதனால் பழைய வடிகட்டி போய்க் குறுகிய ஜன்னல் வடிகட்டி வந்துவிட்டது. பாதி வரலாற்றைப் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது அவருக்குக் கைவந்த கலை.

வடிகட்டிகூட இல்லாமல் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். மாசி முதல் வாரம், இரவு எட்டு மணி. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே மூன்றடி இடம். பக்கத்துக் கட்டடத்துக்காரர் கார் நிறுத்தும் இடத்துக்காகப் போட்ட விளக்கு என் பாதி மாடிக்கும் வெளிச்சம் தந்து உதவுகிறது. ஒரு பழைய போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு அதை மறைக்கிறேன். தெற்குப் பார்த்து அண்ணாந்தால் 71 டிகிரி உயரத்தில், ஓரியனின் இடுப்புப் பட்டையில் இருக்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே, நட்டநடுவில் ஒரு மங்கல் புள்ளி. கேமரா, பத்து வருடம் உழைத்து ஓய்ந்த கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர். கைமாறி வந்தது, 14,000 ரூபாய். லென்ஸ் 135 மில்லிமீட்டர், பழைய திருகு மவுன்ட், 6,000. (அந்தத் திருகு மவுன்டின் பெயரும் எம்42, மெஸ்ஸியே பட்டியலில் இந்த நெபுலாவின் பெயரும் எம்42. இதைக் கண்டுபிடித்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை அன்பர் எந்த மலையிலும் அனுபவித்திருக்க மாட்டார்.) கல்யாணப் பத்திரிகை அட்டையில் பிளேடால் கோடுகோடாக வெட்டிய பாஹ்டினோவ் மறைப்பை லென்ஸ் வாயில் செருகி, ரீகல் மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அதிலிருந்து கிளம்பும் மூன்று கதிர்களில் நடுக்கதிர் சரிபாதியில் வந்து உட்காரும்வரை ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, உட்கார்ந்ததும் டேப் ஒட்டிவிடுகிறேன். பிறகு இரண்டு நொடி, இரண்டு நொடி என்று 900 படம். மச்சைத் துளைக்கும் என்று பெயரெடுத்த மாசிப் பனி சென்னையில் லென்ஸைத்தான் துளைக்கிறது, அதனால் நடுநடுவே ஹேர் டிரையரால் ஒரு ஊது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமி சுற்றிய தூரத்துக்குக் கேமராவைத் திருப்பி வைக்க வேண்டும். விடிந்ததும் வெள்ளை வேட்டித் துணியை லென்ஸ்மேல் இழுத்துக்கட்டி, லென்ஸின் ஓர இருட்டையும் தூசியையும் கழிப்பதற்கான சில படங்கள்.

டீப் ஸ்கை ஸ்டாக்கரில் அடுக்கி, சிரில் மென்பொருளில் பின்னணியைக் கழித்தால் — இரண்டும் இலவசம் — சுமார் 600 பிக்சல் அகலத்தில் ஓரியன் நெபுலா சிறகு விரித்து நிற்கிறது. மீன்கள் கொஞ்சம் அரிசிமணி மாதிரி நீண்டிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பதிவாகவே ஆகாது' என்ற அன்பரின் வாக்கியம் அந்த 600 பிக்சலுக்குள் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?

இரண்டு நொடியில் என்ன விழும் என்று அவர் நகைத்திருக்கிறார். இங்கேதான் வேடிக்கை. கேமரா ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும். இருண்ட வானில் அது தலைதூக்காமல் இருக்கத்தான் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீளநீளமாக எடுக்கிறார்கள். நகர வானம் இரண்டே நொடியில் அந்த இரைச்சலை மூழ்கடித்துவிடும் அளவு பிரகாசம். ஆகவே குறும்படங்கள் இங்கே நஷ்டமே இல்லை. மீனைத் துரத்தித் திரும்பும் எந்திரம் இல்லாத ஏழைக்கு நகர வானம் செய்யும் ஒரே உபகாரம் இது. மலையில் நின்று பழகியவர் மலையின் விதியைக் கொண்டுவந்து மாடியில் ஆணியடிக்கிறார்.

மலையிலாவது நின்றாரா என்ற சந்தேகமும் எனக்குண்டு. கருவிப் பகுதியில் அன்பர் தொடக்கக்காரனுக்குச் சொல்லும் புத்திமதி இரண்டு. துருவ மீனை நோக்கிக் கருவியை ஏழு நிமிடத்தில் நேர்ப்படுத்திவிடலாம் என்பது ஒன்று. துருவ மீனின் உயரம் என்பது அந்தந்த ஊரின் அட்சரேகை. சென்னைக்கு 13 டிகிரி, கன்னியாகுமரிக்கு 8. அந்த உயரத்தில் எங்கள் தெருவில் இருப்பது துருவ மீன் அல்ல, மூன்றாவது வீட்டுக்காரரின் மாடிப்படிக் கூரை. கூரை இல்லாத இடத்தில் கடற்கரைப் புழுக்கமும் புகையும். இரண்டாவது புத்திமதி: நெபுலா வேட்டைக்கு உகந்தது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐயா, ஐப்பசி அடைமழையிலும் கார்த்திகைக் கனமழையிலும் இவர் எந்த ஊரில் குடையைப் பிடித்துக்கொண்டு நெபுலா எடுத்தார்? ஐம்பது டிகிரி வடக்கில் இருப்பவன் தன் ஊருக்காக எழுதிய கையேட்டைத் தமிழில் இறக்கும்போது பருவமழையையும் அட்சரேகையையும் மட்டும் மொழிபெயர்க்க மறந்திருக்கிறார். அதே கையேட்டுக்காரனுக்கு 16 டிகிரி உயரத்தில் தொடுவானைத் தேய்த்துக்கொண்டு போகும் லகூன் நெபுலா நமக்கு 52 டிகிரியில் நிற்கிறது என்பதும், அவன் ஆயுளுக்கும் பார்க்க முடியாத கரினா நெபுலா நமக்குத் தெற்கே 17 டிகிரிக்கு எழும்புகிறது என்பதும் அந்த நூலில் இருக்காது. ஆகவே அன்பர் கட்டுரையிலும் இல்லை.

ஐந்து லட்சத்துக்கு வருவோம். முதன்முதலாக ஒரு நெபுலாவைப் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30ஆம் தேதி, நியூயார்க் பக்கம் தன் சொந்த ஆய்வகத்தில், 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம். எடுத்தது இதே ஓரியன் நெபுலா. கிடைத்தது ஒரு மங்கல் திட்டு. மூன்றாண்டு கழித்து, லண்டனின் ஈலிங்கில் வீட்டுத் தோட்டத்தில் இருந்து ஆன்ஸ்லி காமன் எடுத்த படத்தில், அந்தத் தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தும் தெரியாத மீன்கள் விழுந்தன. 'கண்ணுக்குத் தெரியாதது பதிவாகாது' என்ற வாதம் அன்றைக்கே காலாவதி. அவர்களிடம் பெரிய ஆடி இருந்தது என்று அன்பர் துள்ளலாம். இருந்தது. அவர்களிடம் இல்லாதது, வந்த ஒளியில் பாதிக்குப் பக்கம் பிடித்துவைக்கும் சிலிக்கான் சில்லு. அவர்கள் தகடு நூற்றில் ஒன்றைப் பிடித்தாலே பெரிது. டிரேப்பரின் திட்டையும் என் 20,000 ரூபாய்ப் படத்தையும் பக்கத்தில் வைத்து, எது எதற்கு முன்னோடி என்று தெரியாத ஒருவரிடம் காட்டி, எது துலக்கம் என்று கேட்டுப்பாருங்கள்.

நிறம் பொய் என்கிறார். எது உண்மை நிறம்? கண்ணில் தெரிவதா? இருட்டில் வேலை செய்யும் கண்ணணுக்களுக்கு ஆழ்ந்த சிவப்பு உறைக்காது, அதனால் எந்த மலையில், எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் நெபுலா சாம்பல், மிஞ்சினால் லேசான பச்சைச் சாயல். அன்பரின் அளவுகோலின்படி ஓரியனின் மெய்ந்நிறம் அடுப்புச் சாம்பல். ஆனால் அவர் கட்டுரையோடு அச்சான மலைப் படமோ மாதுளம்பழமாகச் சிவந்திருக்கிறது! கணினி என்னிடம் வரும்போது தோட்டிச்சி, அவர் வீட்டுக்கு வந்தால் தேவதையா என்று கேட்க நாக்கு துடிக்கிறது, ஆனால் அப்படியொரு உவமையை அவருக்குத்தான் விட்டுவைக்க வேண்டும், எனக்கு வேண்டாம். உள்ளதைச் சொல்வதென்றால், கடையில் வாங்கும் கேமராவுக்குள் ஒட்டியிருக்கும் வடிகட்டி அந்த 656.3 சிவப்பில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் உள்ளே விடுகிறது. எங்கள் கேமரா பொய் சொன்னால், அது இருப்பதைக் குறைத்துச் சொல்லும் பொய்.

ஹப்பிள் எந்தக் கலப்புமில்லாத அக்மார்க் சரக்கு என்பது அவர் நம்பிக்கை. 1995இல் ஹப்பிள் எடுத்த, உலகமே சுவரில் மாட்டிய 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்தின் ஒளி சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்ஸிஜன் நீலம். சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜனுக்குப் பச்சை பூசியிருக்கிறார்கள், எதை எதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று தெரிந்தே. படங்களை அடுக்குவது மோசடி என்று ஒரு பத்தி முழுக்கப் பொரிந்தாரே, 2006இல் வெளியான ஹப்பிளின் ஓரியன் நெபுலா 520 படங்களைச் சேர்த்துத் தைத்தது. என் 900 மோசடி என்றால் அந்த 520க்கு என்ன பெயர்? எண்ணிக்கை குறைந்தால் மோசடியும் குறையுமோ?

ஏன் 520? ஹப்பிளின் பார்வைப் புலம் சில ஆர்க்நிமிடம். ஓரியன் நெபுலா ஒரு டிகிரிக்கு மேல், முழுநிலா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். பெரிய தொலைநோக்கி ஊசித் துளை வழியே பார்க்கிறது, எங்கள் லென்ஸ் வாசற்கதவு வழியே. அதனால்தான் 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், 76 மில்லிமீட்டர் தொலைநோக்கியால் வீட்டுப் புறத்தில் இருந்து ஓரியனைப் படமெடுத்தபோது, எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு புது நெபுலா எம்78 என்ற நெபுலாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்று அதற்கு அவர் பெயர். ஆண்ட்ரோமீடா காலக்ஸியை எடுக்காத ஆய்வகம் உண்டா? அதன் ஓரத்தில் ஆக்ஸிஜனில் ஒளிரும் பெரிய வில் ஒன்று இருப்பதை 2023இல் உலகுக்குச் சொன்ன அணியின் முன்னணியில் நின்றவர்கள் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், சான்டி என்ற அமெச்சூர்கள். பல இரவுகளாக நூறு மணி நேரத்துக்கும் மேலாக அடுக்கிய படங்கள். 'ஹப்பிள் எடுத்து முடித்தது' என்கிறாரே, முடித்துவிட்டதாக ஹப்பிள் அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னதா?

இவ்வளவும் அறியாமை என்றால் மன்னித்துவிடலாம். கட்டுரை முடிந்த இடத்தில் ஒரு பெட்டி இருந்ததைக் கவனித்திருப்பீர்கள்: அமாவாசை இரவில் மலைமுகாம், கூடாரம், இரவுணவு, 'உயர்தரத் தொலைநோக்கிகள்', தலைக்கு இவ்வளவு, தொடர்புக்குக் கட்டுரையாளரையே அணுகவும். மாடியில் கிடைக்கும் என்று எழுதினால் மலைக்கு யார் வருவார்கள்? பிழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தீர்த்தயாத்திரைக்குச் சீட்டு விற்பவர், வீட்டுக் கிணற்றில் தண்ணீரே கிடையாது என்று ஆறு பக்கம் சாத்திரம் பேசும்போது, முதல் பக்கத்திலேயே தான் சீட்டு விற்கிறவன் என்று சொல்லியிருக்க வேண்டாமா? நகரத்தில் எடுப்பவர்கள் ஒளி மாசுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்றும் ஒரு வரி போகிறபோக்கில் எறிகிறார். ஒவ்வொரு இரவும் வானத்தின் பின்னணி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கழிப்பவனை விட அந்த மாசை அறிந்தவன் யார்? தெருவிளக்குக்கு மூடி போடச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு நான் கொடுத்த மனுக்கள் நாலு. பதினைந்து கார் ஹெட்லைட்டோடு இருட்டைத் தேடி மலையேறுகிறவர் கொடுத்தவை எத்தனை?

உண்மையில் அவருக்கு ஒரு நல்ல வாதம் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. எனக்கெதிராக வாதாட நானே அவருக்கு வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் சொன்ன இரு ஜன்னல் வித்தை, தானே ஒளிரும் வாயுவுக்குத்தான் செல்லும். கார்த்திகைக் கூட்டத்து அறுமீனைச் சுற்றிய நீலத் தூசி தானாக ஒளிர்வதில்லை, மீன்களின் ஒளியை வாங்கி எல்லா நிறத்திலும் சிதறடிக்கிறது. அதற்கு ஜன்னலே கிடையாது, 25 மடங்குக் கடனை முழுசாகக் கட்டியாக வேண்டும். இரண்டு மாசி, இரண்டு தை கட்டிப் பார்த்தேன். மீன்களைச் சுற்றி ஈரத்துணி வைத்துத் துடைத்த மாதிரி ஒரு கறை கிடைத்தது, அவ்வளவுதான். இருள் நெபுலாக்கள் அதற்கும் மோசம். அவற்றுக்கு மலைதான், சந்தேகமேயில்லை. இதை ஒரு பத்தியில் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன், பையனின் ட்ரைபாடும் பரணேறியிருக்காது.

கடைசியாக, மாதுளம்பழமாகச் சிவந்திருந்ததாகச் சொன்னேனே, அந்த மலைப் படம். அது இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. நெபுலாவின் நடுவில் இருக்கும் நாலு மீன்களுக்குத் தென்கிழக்கே ஓட வேண்டிய பிரகாசமான வரப்பு அந்தப் படத்தில் தென்மேற்கே ஓடுகிறது; எப்படிச் சுழற்றி வைத்தாலும் நேராகாது. பக்கம் வடிவமைத்தவரின் கைத்தவறாக இருக்கலாம். நான் எதிர்வீட்டுப் பையனிடம் இதழை நீட்டி, ஒன்றும் சொல்லாமல் படத்தைக் காட்டினேன். ஒரு மாதம்தான் ஓரியனைத் துழாவியவன் அவன். பத்து நொடி பார்த்துவிட்டு, "அங்கிள், இது கண்ணாடில பாக்கற மாதிரி இருக்கே" என்றான். மூன்று இதழ் கடந்துவிட்டது. எடுத்தவரிடமிருந்து இன்னும் திருத்தம் வரவில்லை.